பாறைக்கு இடது பக்கம்

குளுவாங்கில் லோரி வைத்திருக்கிற யாருக்கும் கமலநாதனைத் தெரியும். லோரிக் கதவில் கம்பெனிப் பெயரையும் எடைக் கணக்கையும் தூரிகையால் எழுதுகிறவர். நூல் பிடித்த மாதிரி எழுத்து நேராக நிற்கும். ஐம்பத்தாறு வயதிலும் வயிறு போடாத உடம்பு. பேச்சு மட்டும் குறைவு. ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அன்றைக்கு அவர் சந்தோஷமாக இருக்கிறார் என்று கஸ்தூரி வைத்துக்கொள்வாள்.

எழுத்து சோற்றுக்கு. மனசுக்கு மலை இருந்தது. வீட்டின் பின்பக்கம் செம்பனைத் தோட்டம் தாண்டி நிற்கிற மலையைத் தாமான் குடியிருப்புத் தமிழர்கள் ரெட்டைத்தலை மலை என்பார்கள். விடிந்ததும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, தார் ரோட்டில் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஓடுவார். மேல்மூச்சு வாங்க அங்கே நின்று மேலே பார்ப்பார். பிறகு இறங்கி வந்து குளித்து, கோப்பி குடித்து, பின்வாசல் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து அன்றைக்குப் பார்த்த மலையை வரைவார். பனி இருந்தால் பனி, வெயில் இருந்தால் வெயில். வரைந்து முடித்ததும் படத்தின் பின்னால் தேதி போடுவார். மூச்சு அடங்குவதற்குள் பார்த்தால்தான் மலை மனசில் ஒட்டும் என்று ஒருமுறை சொன்னார். அன்றைக்கு இருபது வார்த்தைக்கு மேல் ஆகிவிட்டது.

அவர் வரைந்த மலைகள் ஊரில் பல இடங்களில் தொங்கின. முடிவெட்டும் கடை, பல் டாக்டர் அறை, கோயில் ஆபீஸ். ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர், "ராசியா இருக்கும், ஒரு அருவிய மட்டும் சேத்து வரைஞ்சி குடுங்க" என்று கெஞ்சினார். கமலநாதன் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"இல்லாத அருவிய எங்கேர்ந்து கொண்டாறது? பாக்காதத நான் வரையறதில்ல."

கஸ்தூரிக்கு அந்தப் பேச்சு நன்றாக நினைவிருந்தது. நினைவில் வைத்துக்கொள்வது அவள் வேலை. ஆறாம் வகுப்போடு நின்றவள். பள்ளிக்கூடக் கன்டீனில் இருபது வருஷமாக நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டுகிறவள். கூட்டத்தில் வாய் திறக்க மாட்டாள், ஆனால் யார் முகத்தில் என்ன ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். கல்யாணமான புதிதில் ஒருமுறை வாய் திறந்தாள். அவருடைய அண்ணன்மார் முன்னால், வாசலில் நின்ற லோரியின் கதவைக் காட்டி, "ஒரு எழுத்து விட்டுப் போச்சிங்க" என்றாள். எழுத்து விட்டுப் போனது உண்மைதான். எல்லாரும் சிரித்தார்கள். கமலநாதனும் சிரித்தார். பிறகு நாற்பது நாள் அவளோடு பேசவில்லை. அதற்கப்புறம் அந்த வீட்டில் எதையும் நேராகச் சொல்லும் பழக்கம் இல்லை. உப்பு கூடிவிட்டால் அவர் தண்ணீர் கேட்பார். அவளுக்குக் காய்ச்சல் என்றால் சட்டியைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவுவாள். அப்படியே முப்பது வருஷம் ஓடிவிட்டது.

போன தீபாவளிக்கு அப்புறம் கமலநாதன் லோரி எழுத்தை நிறுத்தினார். "எல்லாம் இப்ப ஸ்டிக்கர்" என்றார். மோட்டார் சைக்கிளையும் விற்றார். "நடந்தா சுகருக்கு நல்லது" என்றார். இனிப்புநீர் அவருக்குப் பன்னிரண்டு வருஷமாக உண்டு. இரண்டும் நியாயமான காரணங்கள்.

அவரோடு தினமும் ஓடுகிற வீரமுத்துவும் அந்தச் சமயத்தில்தான் மகன் வீட்டோடு செனாய்க்குப் போய்விட்டார். அதிலிருந்து கமலநாதன் தனியாகத் தொட்டி வரைக்கும் ஓடித் திரும்பினார். தொட்டிக்கு மேலே காட்டுப் பாதையில் ஏறுவது இல்லை.

மார்ச் மாதத்தில் ஒருநாள் படத்துக்குச் சட்டம் போடும் கடையின் சீன முதலாளி, தௌகே ஆ ஹோக், வீட்டுக்கு வந்தார். கொட்டகையில் காயவைத்திருந்த புதுப் படத்தைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு மலாயில் சொன்னார்: நல்ல வேலை செய்தாய், அந்த மொட்டையை வரையாமல் விட்டுவிட்டாய், யார் வீட்டில் அதை மாட்டுவார்கள்?

கோப்பி கொண்டுவந்த கஸ்தூரி புருஷன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் ஒரு கணம், கூப்பிட்ட ஆள் யாரென்று தெரியாமல் நிற்கிற முகமாக இருந்தது. பிறகுதான் சிரித்தது.

"ஆமா, தௌகே. அந்த மொட்டை எதுக்கு?"

கஸ்தூரி மலையைப் பார்த்தாள். மூன்று மாதமாக ஒரு கம்பெனிக்காரன் டுரியான் போடுவதற்காகப் பின்பக்கத்திலிருந்து மரத்தை வெட்டிக்கொண்டு வந்திருந்தான். இப்போது இந்தப் பக்கத்துத் தோளும் போய்விட்டது. இடது தலைக்குக் கீழே பாதி மலை தோலுரித்த ஆட்டைப் போலச் சிவப்பாகக் கிடந்தது. துணி காயப்போடும்போதெல்லாம் அவள் கண்ணை உறுத்துகிற சிவப்பு. படத்தில் அந்த இடம் முழுக்கப் பச்சை. மரம் மரமாக, நிழல் நிழலாக, போன வருஷத்துப் பச்சை. பின்னால் திருப்பினால் நேற்றைய தேதி.

பார்க்காததை வரையாத மனுஷன்.

தௌகே போனதும் அவர் குளிக்கப் போனார். கஸ்தூரி சாயப் பெட்டியைத் திறந்தாள். சாயக் குழாய் ஒவ்வொன்றிலும் ரப்பர் பேண்டு சுற்றியிருந்தது. பச்சைக்கு ஒன்று. நீலத்துக்கு இரண்டு. மஞ்சளுக்கு மூன்று. கண்ணை மூடித் தொட்டுப் பார்த்தாள். கண்ணை மூடினாலும் சாயம் கலக்கலாம் போலிருந்தது. துணி அலமாரியில் அவருடைய பழைய சட்டைப் பைக்குள் கிளினிக் அட்டை அகப்பட்டது. கண் டாக்டரைப் பார்க்கச் சொல்லி மூன்று தேதி போட்டிருந்தார்கள். மூன்றும் தாண்டிப் போயிருந்தன.

அட்டையை மடித்து அதே பையில் வைத்தாள். குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் தொட்டித் தண்ணீரைக் கைவிட்டு அளந்து மொள்கிற சத்தம்.

ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற மகள் லோஷினி அந்தச் சனிக்கிழமை வந்தாள். அப்பாவிடம் அந்த வீட்டில் வாயாடுகிறவள் அவள் ஒருத்திதான்.

"என்னப்பா, ஆகாசம் பச்சையா இருக்கு, மலை நீலமா இருக்கு?"

"அதுக்குப் பேரு மாடர்ன் ஆர்ட், லா."

"அலமாக்! சிங்கப்பூர்ல கொண்டு போய் மாட்டுனா பெரிய ஆளாயிடுவீங்க."

"நீ மொதல்ல ஒரு மாப்பிள்ளைய மாட்டு. அப்புறம் படத்த மாட்டலாம்."

லோஷினி விழுந்து விழுந்து சிரித்தாள். அடுப்படியில் நின்ற கஸ்தூரிக்கு ரப்பர் பேண்டு ஒன்று அறுந்திருக்கும் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை மகளைப் பஸ் ஏற்றும்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். "ஒங்கப்பாவுக்கு..." என்று ஆரம்பித்து, "ஒங்கப்பாவுக்கு ஒரு நல்ல சட்டை வாங்கிக் குடு" என்று முடித்தாள். மகளிடம் சொன்னால் மகள் அவரிடம் நேராகக் கேட்பாள். நாற்பது நாள் மறுபடியும் வரும். இந்த முறை நாற்பதோடு நிற்காது.

ஏப்ரலில் மலையோட்டம். தாமான் கமிட்டி வருஷா வருஷம் நடத்துவது. தார் ரோட்டில் ஏறி, தொட்டியைத் தாண்டி, காட்டுப் பாதையில் உச்சி வரைக்கும் போய், பின்பக்க ரோட்டு வழியாக இறங்க வேண்டும். கமலநாதன் பத்தொன்பது வருஷம் ஓடியிருந்தார். இருபதாவது வருஷத்துக்குப் பெரிய மெடல் உண்டு என்று கமிட்டிக்காரர்கள் வந்து நம்பர் துணியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதை வாங்கி அவர் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். தலைகீழாக வைத்திருந்தார்.

"நல்லா இருக்கா?"

"இருக்குங்க" என்றாள் கஸ்தூரி.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவர் காலுக்கு அந்தப் பாதை மனப்பாடம். பத்தொன்பது வருஷத்துப் பாதை அவர் உள்ளங்காலில் இருக்கிறது. ஆனால் அந்தப் பாதைதான் இப்போது அங்கே இல்லை. மரத்தோடு சேர்த்துப் பாதையையும் வெட்டியிருக்கிறார்கள் என்று கன்டீனில் பேசிக்கொண்டார்கள். அவருக்கு அதை யார் சொல்வது? எப்படிச் சொல்வது? போகாதீங்க என்றால் ஏன் என்பார். ஏன் என்றால் கண் என்று சொல்ல வேண்டும்.

கன்டீனில் கூட வேலை செய்கிறவளின் தம்பி செல்வா அந்த டுரியான் வேலையில் பிக்கப் ஓட்டுகிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரி அவனிடம் போய் நின்றாள்.

"தம்பி, என்னைய மேல வரைக்கும் கொண்டு போய் விடுவியா? எறங்கறது நானே எறங்கிக்குவேன்."

"என்னாக்கா, இந்த வயசுல மலை பாக்கற ஆசையா? அண்ணன் ஒடம்புல ஓடறது ஒங்களுக்கும் ஒட்டிக்கிச்சா?"

"நேர்த்திக்கடன்" என்றாள். முப்பது வருஷத்தில் அவள் சொன்ன பெரிய பொய் அதுதான்.

செல்வா அவளைப் பின்பக்க லோரிப் பாதை வழியாக உச்சிக்குக் கொண்டுபோய் விட்டான். அங்கிருந்து அவள் ஜப்பான் ரப்பர் செருப்போடு இறங்கி வந்தாள். ஒவ்வொரு இடமாக நின்று பார்த்தாள். மேல்பாதி அப்படியே இருந்தது. வேர்ப் படிகள், மூங்கில் புதர், எல்லாம் அவர் எப்போதோ சொன்னபடியே. கீழே வர வர வெளிச்சம் கூடிற்று. பிறகு மரமே இல்லை. யானை படுத்த மாதிரி ஒரு பெரிய பாறை. ஓடுகிறவர்கள் எல்லாரும் தொட்டுக் கும்பிடுகிற பாறை, அவரும் தொடுவார். அங்கே பாதை இரண்டாகியிருந்தது. பாறைக்கு இடது பக்கம் புதிதாகக் கல் கொட்டிய வழி, நல்ல வழி. வலது பக்கம் பழைய பாதை ஒரு பத்தடி போய் அப்படியே அறுந்து கிடந்தது. கீழே இரண்டு ஆள் ஆழத்துக்கு டிச்சு, உள்ளே வெட்டிப்போட்ட மரத்துண்டுகள், கூர் கூராக.

கஸ்தூரி அந்த விளிம்பில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கல் வழியில் இறங்கினாள். பாறை, இடது. பாறை, இடது. வாய்ப்பாடு சொல்கிற பிள்ளை மாதிரி வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். மறந்துவிடக் கூடாது. அது ஒன்றுதான் அவளுக்குப் பயம்.

இரவுச் சாப்பாட்டில் ஊர்ப் பேச்சு மாதிரி ஆரம்பித்தாள்.

"அந்தச் செல்வா சொன்னான். மலையில பழைய பாதைய வெட்டிட்டாங்களாம். பாறைகிட்ட வழி ரெண்டாப் பிரியுதாம். ஒரு பக்கம் பெரிய டிச்சாம். தெரியாம போனா ஆளே இல்லன்னான்."

கமலநாதன் மெல்லுவதை நிறுத்தினார். தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"எந்தப் பக்கம் போவணுமாம்?"

"பாறைக்கு இடது பக்கம்."

"இடது பக்கம்."

"ஆமாங்க. கல்லு போட்டிருக்காம். கால் வச்சாலே தெரியுமாம்."

அவர் மறுபடி மெல்ல ஆரம்பித்தார். அன்றைக்கு இரண்டாம் முறை சோறு கேட்டார். கஸ்தூரி பரிமாறும்போது கை லேசாக இருந்தது. அவரையும் குனியவைக்காமல், தானும் வாய்விட்டுச் சொல்லாமல், காப்பாற்றியாயிற்று என்று நினைத்தாள்.

ஓட்டத்தன்று காலை ஏழு மணிக்குத் தாமான் பந்துத் திடலில் நூறு பேருக்கு மேல் நின்றார்கள். செனாயிலிருந்து வீரமுத்து வந்திருந்தார், தொப்பை முன்னால் வர.

"டேய் நாதா! நீ இன்னும் ஓடற, நான் இன்னும் சாப்பிடறேன். யாருக்கு மெடலு?"

"ஒன் சட்டை பட்டனுக்குக் குடுக்கணும் மெடலு. அதுதான் ரொம்பக் கஷ்டப்படுது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கமலநாதன் அவ்வளவு சத்தமாகக் கேலி பேசி கஸ்தூரி பார்த்ததில்லை. விசில் ஊதினார்கள். கூட்டம் தார் ரோட்டில் ஏறிற்று. புதுச் சட்டையில் அவர் முதுகு கொஞ்ச தூரம் தெரிந்தது. மகள் வாங்கிக் கொடுத்த ஆரஞ்சுச் சட்டை.

எட்டு மணிக்கு முதல் ஆள் பின்பக்க ரோட்டு வழியாக வந்து சேர்ந்தான். எட்டரைக்குள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். கஸ்தூரி மைலோ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கப்பை நீட்டும்போதும் ரோட்டைப் பார்த்தாள். வருஷா வருஷம் அவர் வருகிற நேரம் தாண்டியது. பெண்கள் வந்தார்கள். செல்ஃபி எடுத்துக்கொண்டே நடந்து வந்தவர்கள் கூட வந்துவிட்டார்கள். மைலோ ஆறிப் போயிற்று.

"வந்துடுவான் தங்கச்சி, எங்கயாச்சும் நின்னு மலைய பாத்துக்கிட்டிருப்பான்" என்றார் வீரமுத்து.

ஒன்பதே காலுக்குச் செல்வாவின் பிக்கப் வந்தது. ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. பின்னால் தார்ப்பாயில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். ஆரஞ்சுச் சட்டை முழுக்கச் செம்மண். இடது கால் இருக்க வேண்டிய பக்கம் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தது. கண் திறந்திருந்தது.

செல்வா இறங்கும்போதே அழுதுகொண்டிருந்தான்.

"அக்கா, எப்படிக்கா? பாறைக்கு வலது பக்கம் போங்கன்னு இவ்வளவு பெருசா அம்புக்குறி போட்டு வச்சிருக்கோம். எல்லாரும் வலதுதான் போனாங்க. அண்ணன் மட்டும் இடது பக்கம் போயிட்டாரு. பின்னாடி வந்த மலாய்க்காரரு கானான், அங்கிள், கானான்னு கத்தியிருக்காரு, வலது பக்கம்னு. இவரு கையத் தூக்கி, தெரியும் தெரியும்னுட்டு நேரா இடது பக்கம் போயிருக்காரு."

வலது பக்கம். கஸ்தூரி மைலோ கப்பைப் பிடித்தபடி நின்றாள். மனசுக்குள் பாறை வந்தது. தான் மேலேயிருந்து இறங்கி வந்து அதன் முன்னால் நின்றது வந்தது. பிறகு மெதுவாக, கூட்டத்துக்கு நடுவில், யாரோ தோளைப் பிடித்துத் திருப்பியது போல, முகம் மலையைப் பார்க்கும்படி திரும்பினாள். இடது கை வலது பக்கம் போயிற்று. வலது கை இடது பக்கம் வந்தது. கப் கீழே விழுந்தது.

ஆஸ்பத்திரியில் எலும்பை ஒட்ட வைத்தார்கள். மரத்துண்டு குத்திய புண் ஒட்டவில்லை. இனிப்புநீர்க் காலில் புண் எப்படிப் போகும் என்று கன்டீனில் எல்லாருக்கும் தெரியும், கஸ்தூரிக்கும் தெரியும். முதலில் விரல் கறுத்தது. பிறகு பாதம். நான்காம் வாரம் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அப்போதுதான் கண்ணையும் சோதித்தார்கள். நடுப் பார்வை இரண்டு கண்ணிலும் போய் நாளாகிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது லோஷினி தாயைத் திரும்பிப் பார்த்தாள். கஸ்தூரி தரையைப் பார்த்தாள். மகள் புரிந்துகொண்டாள். அதற்கப்புறம் மகள் ஆஸ்பத்திரிக்கு வந்தால் அப்பாவோடு மட்டும் பேசினாள்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும், ஏன் அந்தப் பக்கம் போனீர்கள் என்றுதான் கேட்டார்கள். வீரமுத்து கேட்டார். கமிட்டிக்காரர்கள் பெரிய மெடலைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

"என் தப்புதான்" என்றார் கமலநாதன். பக்கத்தில் நின்ற கஸ்தூரி ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்தாள். ஒவ்வொரு முறையும் மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆயிற்று. பின்வாசல் கொட்டகையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் உட்காருகிற பழைய இடம்தான். சாயப் பெட்டி திறக்காமல் கிடந்தது. கஸ்தூரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"கஸ்தூரி."

பெயர் சொல்லிக் கூப்பிடுவது அரிது. அவள் ஈரத் துணியோடு வந்து நின்றாள்.

"செல்வா சொன்னான்னு சொன்னியே. அவன் சொல்லல. நீ போய்ப் பாத்துட்டு வந்த."

"ஆமாங்க."

"மேலேர்ந்து எறங்கி வந்திருக்க. நான் கீழேர்ந்து ஏறினேன்."

அவள் கை துணியைப் பிழிந்தது. பிழிய அதில் தண்ணீர் இல்லை.

"டிச்சுல கெடந்தப்பவே யோசிச்சிட்டேன். அந்த ஆளு கானான் கானான்னு கத்தினான். அம்புக்குறி இருந்திச்சாம், எனக்குத் தெரியல. நீ இடதுன்னு சொல்லியிருந்த. அதான் போனேன். கால்ல கல்லு தட்டலயேன்னு நெனைக்கறதுக்குள்ள விழுந்துட்டேன்."

கஸ்தூரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தாள்.

"எப்பலேர்ந்து தெரியும் ஒனக்கு?"

"தௌகே வந்த அன்னிக்கி. படத்துல மொட்டை இல்ல. அப்புறம் ரப்பர் பேண்டு பாத்தேன்."

"அப்பவே கேட்டிருக்கலாம்."

"நீங்களும் சொல்லியிருக்கலாம்."

சொன்ன பிறகு அவளுக்கே பயமாக இருந்தது. நாற்பது நாள் என்று மனசு எண்ண ஆரம்பித்தது. தோட்டத்துப் பக்கம் செம்பனைக் குலை வெட்டி விழுகிற சத்தம் ஒன்று, பிறகு இன்னொன்று கேட்டது. அவர் மலை இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"இப்ப சொல்லு. எப்படி இருக்கு?"

"எது?"

"மலைதான். உள்ளதச் சொல்லு."

அவள் எழுந்து அவருக்கு எதிரே போய் நிற்கப் பார்த்தாள். பிறகு நின்று, சுற்றி வந்து, நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவர் பார்க்கிற பக்கமே அவளும் பார்த்தாள். குனிந்து அவருடைய இடது கையைப் பிடித்துத் தூக்கினாள். இடது என்ற சொல் வாயில் வரவில்லை.

"இந்தக் கைப் பக்கம் தலைக்குக் கீழ மரம் இல்லிங்க. எல்லாம் செவப்பு."

"எவ்வளவு?"

"பாதி மலை."

"நடுவுல?"

"நடுவுல லோரிப் பாதை. கோடு போட்ட மாதிரி போவுது. மழைத் தண்ணி அதுல ஓடி ஓடி அறுத்திருக்கு."

"பாறை தெரியுதா?"

"தெரியுதுங்க. முன்ன தெரியாது, மரம் மறச்சிருக்கும். இப்ப இங்கேர்ந்தே தெரியுது."

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவளும் விடவில்லை. அந்தக் கையில் சாயம் ஒட்டாமல் இவ்வளவு நாள் ஆனது இதுதான் முதல் தடவை என்று அவள் பார்த்தாள். நகக்கண் எல்லாம் வெளுத்திருந்தது.

"இந்தக் கைப் பக்கம்?" என்று வலது கையைத் தூக்கினார்.

"அங்க இன்னும் பச்சைதான். ஆனா பிக்கப் ஒன்னு நிக்கிது. ஆளுங்க எறங்கறாங்க."

கமலநாதன் தலையாட்டினார். கையைக் கீழே வைத்து, இல்லாத காலின் மேல் கிடந்த கைலியை மெதுவாகச் சரிசெய்தார். மலையில் ரம்பம் ஓட ஆரம்பித்தது. அது எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை. சத்தம் வருகிற பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.